நாலாயிரம் ஹெர்ட்ஸ்

திங்கள் காலைக்குள் முடித்துவிடு என்றார் லமாரா.
மழை ஞாயிறு. குட்டாய்சி அடைத்துக் கிடக்கிறது.
காது மருத்துவமனைச் சாவியையும்
ஒரு பொட்டலம் அக்ரூட்டையும்
என் கையில் திணித்துவிட்டு
குடை விரிக்காமலே இறங்கிப் போனார்.

மூன்று கணினிகள்.
பழைய இயங்குதளத்துக்கு
இனி ஒட்டுப் போட ஆளில்லை.
மாடி கட்டுமுன் தூணைத் தட்டிப் பார்ப்பதுபோல
ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும்.

வரவேற்பு மேசையின் பெட்டிக்குள்
ஏழு வருடத் தூசி, ஒரு தோட்டின் திருகாணி.
நினைவகம் எட்டு. வட்டில் இடம் உண்டு.
பாதுகாப்புச் சில்லு இல்லை
என்கிறது சோதனை நிரல்.
இருக்கிறது. பயாஸுக்குள் யாரோ தூங்கவைத்திருக்கிறார்கள்.
எழுப்பினேன்.
இருக்கிறேன் என்றது.

அடுத்தது நானுலி சம்பளக் கணக்கு எழுதும் கணினி.
பிராசஸரின் பெயர் பட்டியலில் காணோம்.
மேலிருந்து கீழே தேடினேன்,
கீழிருந்து மேலே தேடினேன்,
தேர்வு முடிவில் தன் எண்ணைத் தேடுகிறவன் மாதிரி.
அதன் தம்பி இருக்கிறான்.
ஒரு வருடம் பிந்திப் பிறந்தவன், தேறிவிட்டான்.
குறுக்குவழி ஒன்று உண்டு, எனக்கும் தெரியும்.
பதினோரு பேரின் சம்பளம் ஓடுகிற இடத்தில்
அந்த விளையாட்டு வேண்டாம்.
புதிது வாங்கவும் என்று எழுதி ஒட்டினேன்.
நானுலி என்னோடு ஒரு வாரம் பேசமாட்டாள்.

மூன்றாவது உள்ளறையில்.
சுவரெங்கும் பஞ்சு. கதவைச் சாத்தினால்
மழை நின்றுவிடும், ரியோனி ஆறும் நின்றுவிடும்.
சோதனை நிரலை ஓடவிட்டு
அக்ரூட் உடைத்தேன்.
பச்சை.
பச்சை.
எல்லாம் பச்சை. இன்றே மாறலாம்.

விரல் அழுத்தப் போய், நின்றது.

கணினியின் பின்னால் ஒரு மஞ்சளேறிய கேபிள்.
அதன் மறுமுனையில்
செவித்திறன் அளக்கும் சாம்பல் பெட்டி.
நிரலுக்கு அதைத் தெரியாது.
தெரியாததைப் பற்றித்தான்
எவ்வளவு தெளிவாகப் பச்சை காட்டுகிறது!

பெட்டியைச் செய்த கம்பெனியை ஒருவன் வாங்கினான்,
அவனை இன்னொருவன் வாங்கினான்,
கடைசியாக வாங்கியவன் தொலைபேசியை எடுப்பதில்லை.
புதிய தளத்துக்கு டிரைவர் எழுதப்படவே இல்லை.
டிரைவர் வராத பஸ்ஸில்
ஜன்னலோரம் இடம் கிடைத்து என்ன பயன்?

போன அக்டோபரில்
அச்சு இயந்திரம் பழுதுபார்க்க வந்தபோது
இதே நாற்காலியில் ஜும்பேர் இருந்தார்.
முப்பத்தோரு வருடம் வெல்டிங் செய்த கை.
காதில் ஹெட்போன், கையில் பொத்தான்.
சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும்.
அழுத்தினார். அழுத்தினார்.
நாலாயிரம் ஹெர்ட்ஸில் கோடு
கயிறறுந்த வாளியாகக் கீழே போன பிறகும்
அழுத்திக்கொண்டே இருந்தார்,
டாக்டரம்மா மனம் நோகக் கூடாதென்று.

லமாரா அவர் கையிலிருந்து
பொத்தானை மெதுவாக வாங்கினார்.
"கேட்காவிட்டால் சும்மா இருங்கள், ஜும்பேர்.
அதையும்தான் நான் எழுதிக்கொள்கிறேன்."

வட்டை முழுதாக ஒரு நகல் எடுத்தேன்.
வலைக் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி
மேசை இழுப்பறையில் பூட்டினேன்.
பட்டை டேப்பில் பெரிதாக எழுதினேன்:
இதை யாரும் மாற்றாதீர்கள்.
கேட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது வரியை அழிக்கலாமா என்று யோசித்தேன்.
மார்க்கர் மை, அழியாது.

பெட்டி பிழைத்திருக்கிறதா என்று பார்க்க
நானே ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தேன்.
ஐந்நூறு. அழுத்தினேன்.
ஆயிரம். அழுத்தினேன்.
இரண்டாயிரம், கொசுவின் குரலில், கேட்டது.
பிறகு
நெடுநேரம்
என் சொந்த ரத்தத்தின் இரைச்சல் மட்டும்.

ஏதோ கேட்ட மாதிரி இருந்தது.
விரல் பொத்தான்மேல்தான் இருந்தது.

அழுத்தவில்லை.